கார்ப் பந்தய சிமுலேட்டர்: புதியவர்களுக்கு எட்டுப் பாடங்கள்



சென்ற பொங்கல் விழாவன்று சங்க வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர், "அறுபது வயதில் கணிப்பொறியில் கார்ப் பந்தயம் ஓட்டுகிறீர்களாமே, உண்மையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். உண்மைதான் என்றேன். அதைக் கேட்டு அருகிலிருந்த இரண்டு பெற்றோர், தங்கள் பிள்ளைகள் அதே கருவியை வாங்கித் தரச் சொல்லி நச்சரிப்பதாகவும், அது வெறும் பொழுதுபோக்கா, ஏதாவது பயன் உண்டா என்றும் விசாரித்தார்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலை விரிவாக எழுதினால் மற்றவர்களுக்கும் உதவும் என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டதால் இக்கட்டுரை.

இதில் நான் இறங்கிய காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு மழைநாள். நொய்டாவிலிருந்து மயூர் விஹாருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். என்னுடையது ஏ.பி.எஸ். வசதி இல்லாத பழைய கார். மேம்பாலத்தின் இறக்கத்தில் முன்னே சென்ற ஆட்டோ திடீரென்று நின்றது. பிரேக்கை முழுபலத்தோடு மிதித்தேன். ஸ்டீயரிங்கை இடப்பக்கம் நன்றாகவே திருப்பினேன். கார் திரும்பவில்லை. திருப்பியதே தெரியாதது போல நேராக வழுக்கிச் சென்று ஆட்டோவின் பின்புறத்தில் முட்டி நின்றது. நல்லவேளையாக யாருக்கும் பெரிய காயமில்லை. என் மனைவிக்கு மணிக்கட்டில் சுளுக்கு, அவ்வளவுதான். ஆனால் அதன்பின் ஸ்டீயரிங்கைத் தொட்டாலே உள்ளங்கை வியர்த்தது. சாவி ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது. "திருப்பினேனே, ஏன் திரும்பவில்லை?" என்ற ஒரே கேள்வி மட்டும் மனத்தை விட்டு நீங்கவில்லை.

பொறியியல் படிக்கும் என் அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். "இதுக்கு ரோட்டுக்குப் போக வேண்டாம் மாமா. என் ரூமுக்கு வாங்க, உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடிச்சிடலாம்" என்றான். அப்படித்தான் தொடங்கியது.

இது விளையாட்டா, பயிற்சியா?

இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன் அதன் மாதிரியில் பழகுவது புதிய வழக்கமன்று. 1929-இல் அமெரிக்கரான எட்வின் லிங்க் என்பவர் விமானிகளுக்கான பயிற்சிப் பெட்டியை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எண்ணற்ற விமானிகள் அதில் அமர்ந்துதான் கருவிகளைப் பார்த்து விமானம் ஓட்டக் கற்றார்கள். கார்ப் பந்தய சிமுலேட்டர் அதே குடும்பத்தைச் சேர்ந்தது.

இன்று நல்ல சிமுலேட்டர்களில், உண்மையான பந்தயத் தடங்களை லேசர் கதிரால் அளந்து, மேடு பள்ளங்களோடு பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். டயரின் சூடு, காரின் எடை எந்தச் சக்கரத்தின் மீது எவ்வளவு அழுத்துகிறது என்பன போன்றவற்றைக் கணிப்பொறி ஒரு வினாடிக்குள் நூற்றுக்கணக்கான முறை கணக்கிடுகிறது. 2008-இல் வெளிவந்த ஐரேசிங், 2014-இல் இத்தாலி நாட்டுக் குனோஸ் நிறுவனம் வெளியிட்ட அசெட்டோ கோர்சா ஆகியவை இவ்வகையில் புகழ்பெற்றவை. இவற்றைப் போலன்றி, சுவரில் மோதினாலும் துள்ளி எழுந்து ஓடும் கார் விளையாட்டுகளும் உண்டு. அவை தவறல்ல, ஆனால் அவற்றில் கற்பதற்கு அதிகமில்லை.

திரையில் கற்றது தடத்தில் பயன்படுமா என்ற ஐயத்துக்கு விடை கிடைத்துவிட்டது. கிரான் டூரிஸ்மோ என்ற விளையாட்டில் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுத்து உண்மைக் காரில் ஏற்றும் ஜி.டி. அகாடமி என்ற திட்டம் 2008-இல் தொடங்கியது. அதன் முதல் வெற்றியாளரான ஸ்பெயின் நாட்டு லூகாஸ் ஓர்டோனெஸும், 2011-இல் வென்ற பிரிட்டனைச் சேர்ந்த ஜான் மார்டன்பரோவும் பின்னர் பிரான்சின் புகழ்பெற்ற லெ மான் 24 மணிநேரப் பந்தயத்திலேயே ஓட்டினார்கள். 2020-இல் கொரோனாவால் பந்தயங்கள் நின்றபோது, ஃபார்முலா ஒன் வீரர்கள் பலர் வீட்டிலிருந்தபடி சிமுலேட்டரில் போட்டியிட்டதும் நினைவிருக்கலாம்.

தில்லிக்காரர்களுக்கு ஃபார்முலா ஒன் அந்நியமன்று. கிரேட்டர் நொய்டாவிலுள்ள 5.125 கி.மீ. நீளப் புத்தா தடத்தில் 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகளும் அப்பந்தயம் நடந்தது. மூன்றிலும் வென்றவர் செபாஸ்டியன் வெட்டல். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் முதல் இரண்டு ஆண்டுகளில் அங்கே ஓட்டினார். அந்த இருக்கையின் அருகே நம்மைக் கொண்டுபோய் உட்கார வைப்பதுதான் சிமுலேட்டர். இனிப் பாடங்களுக்கு வருவோம்.

முதற்பாடம்: அமரும் முறை

கணிப்பொறியின் விசைப்பலகையால் இதைக் கற்க இயலாது. விசைக்கு "உண்டு", "இல்லை" என்ற இரண்டே நிலைகள். காருக்கோ இடைப்பட்ட நிலைகள்தான் உயிர். தொடக்கத்தில் கையில் பிடிக்கும் கேம்பேட் போதும். ஆர்வம் நிலைத்தபின் லாஜிடெக் ஜி29 போன்ற, மேசையில் பொருத்தும் ஸ்டீயரிங்கும் பெடல்களும் வாங்கலாம். இவ்வகை ஸ்டீயரிங்கினுள் ஒரு மோட்டார் இருந்து, முன்சக்கரம் தரையில் உணர்வதை நம் கைக்கு எதிர்விசையாகத் தெரிவிக்கும். அந்த விசையை மிக அதிகமாக வைத்துக்கொள்ள வேண்டாம். எல்லாமே உச்சத்தில் இருந்தால் நுட்பமான வேறுபாடுகள் கைக்குத் தெரியாமல் போகும்.

உருளும் சக்கரங்கள் கொண்ட நாற்காலியானால் பிரேக்கை மிதித்தவுடன் நாம் பின்னோக்கி ஓடிவிடுவோம். என் மருமகன் பழைய காலணிகளைத் தேடி எடுத்து, நாற்காலியின் ஒவ்வொரு சக்கரத்தையும் ஒவ்வொரு காலணிக்குள் இறக்கி வைத்தான். சிரிப்பாக இருந்தாலும் நாற்காலி நகரவில்லை. பெடல்களைச் சுவரோடு ஒட்டி வைப்பதும் நல்லது.

அடுத்தது திரையின் பார்வைக் கோணம். புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதுவே. அகலமான கோணத்தை வைத்தால் நிறையத் தெரிகிறது என்று மகிழ்வோம். ஆனால் வேகமும் தூரமும் பொய்யாகத் தெரியும். திரையை ஒரு சன்னலாகக் கருதிக் கணக்கிட வேண்டும். 27 அங்குலத் திரை சுமார் 60 செ.மீ. அகலமுள்ளது. கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருந்தால் சரியான கிடைமட்டக் கோணம் 53 பாகை, 90 செ.மீ. தள்ளி இருந்தால் 37 பாகைதான். திரையை அருகில் கொண்டுவருவதே உத்தமம். சில சிமுலேட்டர்கள் கிடைமட்டக் கோணத்தையும், சில செங்குத்துக் கோணத்தையும் கேட்கும், பார்த்து நிரப்புக. முதல் சில நாட்கள் தலைசுற்றலோ குமட்டலோ ஏற்பட்டால் உடனே எழுந்துவிட வேண்டும். பொறுத்துக்கொண்டு ஓட்டினால் அது கூடுமே தவிரக் குறையாது.

இரண்டாம் பாடம்: ஒரே கார், ஒரே தடம்

எல்லோரும் செய்யும் தவறு, முதல் நாளே ஃபார்முலா ஒன் காரில் ஏறுவது. நானும் செய்தேன். முதல் வளைவைக்கூடத் தாண்டவில்லை.

புதியவருக்கு ஏற்றது மாஸ்டா எம்.எக்ஸ்.5 போன்ற சிறிய கார். எடை சுமார் ஒரு டன், எஞ்சின் சக்தி அளவானது, பின்சக்கரங்களால் இயங்குவது. நாம் செய்யும் தவறு உடனே தண்டனையாக வராமல், கொஞ்சம் அவகாசம் கொடுத்துப் புரியவைத்து வரும். நல்ல ஆசிரியரின் குணம் இதுதானே.

தடமும் குறுகியதாக இருக்க வேண்டும். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்குத் தடம் 20 கி.மீ.க்கும் அதிகம். அதில் ஒரு வளைவில் தவறினால் அதே வளைவை மீண்டும் சந்திக்க எட்டுப் பத்து நிமிடம் ஆகும். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தின் 'இண்டி' என்னும் குறுந்தடமோ 1.9 கி.மீ.தான். ஒரு நிமிடத்துக்கொரு முறை அதே வளைவு திரும்ப வந்து, "இப்போது எப்படி?" என்று கேட்கும். நான் கற்றது அதில்தான். அகல உழுவதைவிட ஆழ உழு என்பது உழவர்க்கு மட்டும் சொன்னதன்று. ஒரு மாதத்துக்குக் காரையும் தடத்தையும் மாற்றாதீர்கள்.

கியர் மாற்றுவதை முதல் வாரம் தானியங்கியாக விடலாம். செல்லவேண்டிய வழியைப் பச்சை, சிவப்பு நிறங்களில் காட்டும் கோட்டையும் சில நாட்கள் பயன்படுத்தலாம். பிறகு அதை அணைத்துவிட வேண்டும். அது இருக்கும்வரை நம் கண் தடத்தைப் பார்க்காது, கோட்டையே பார்க்கும்.

மூன்றாம் பாடம்: டயரின் வரவு செலவு

எட்டுப் பாடங்களில் இதுவே ஆணிவேர். காரைத் தரையோடு பிணைப்பவை நான்கு டயர்கள். ஒவ்வொன்றும் தரையைத் தொடும் பகுதி ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். அந்தப் பிடிப்பைக் கொண்டுதான் கார் வேகமெடுக்கிறது, நிற்கிறது, திரும்புகிறது.

மாதச் சம்பளக்காரரின் வீட்டுக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வரவு இவ்வளவுதான். வாடகைக்கே முழுவதும் கொடுத்துவிட்டால் மளிகைக்கு மிஞ்சாது. டயரின் பிடிப்பு முழுவதையும் பிரேக்குக்கே செலவழித்தால் திரும்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. மழைநாளில் வரவே பாதியாகிவிடுகிறது. சக்கரம் சுழலாமல் இறுகி நின்றுவிட்டாலோ, ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் டயர் வழுக்கும் திசையிலேயே போகும்.

என் கேள்விக்கு விடை இதுதான். அன்று மேம்பாலத்தில் என் முன்சக்கரங்கள் இறுகிவிட்டன. மருமகன் சிமுலேட்டரில் ஏ.பி.எஸ். வசதியை அணைத்துவிட்டு, "பிரேக்கை முழுசா மிதிச்சுக்கிட்டே திருப்புங்க மாமா" என்றான். மழைகூடத் தேவைப்படவில்லை, காய்ந்த தடத்திலேயே கார் அன்றைப்போல நேராகச் சென்றது. "இப்ப காலை மட்டும் கொஞ்சம் எடுங்க" என்றான். பிரேக்கைச் சற்றே தளர்த்தியதும் சக்கரம் உருளத் தொடங்கியது, கார் திரும்பியது. இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்த முடிச்சு ஒரு நிமிடத்தில் அவிழ்ந்தது. அதே சோதனையை அன்று முப்பது முறையாவது செய்திருப்பேன்.

ஏ.பி.எஸ். என்பது இதே வேலையை, அதாவது இறுகும் சக்கரத்தை விட்டுப் பிடிப்பதை, நமக்காகச் செய்யும் கருவியாகும். ஆயினும் அதனால் டயரின் வரவைக் கூட்ட இயலாது.

இதோடு எடை மாற்றத்தையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். பேருந்தில் நின்று செல்லும்போது ஓட்டுநர் பிரேக் போட்டால் நாம் முன்னே சாய்கிறோம். காரின் எடையும் அவ்வாறே முன்சக்கரங்கள் மீது சாய்கிறது. அவற்றின் பிடிப்புக் கூடுகிறது, பின்சக்கரங்களின் பிடிப்புக் குறைகிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் இதற்கு நேர்மாறு. ஆகவே பெடல்கள் வேகத்துக்கு மட்டுமல்ல, எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு பிடிப்பு என்று பங்கிடுவதற்கும் உரியவை.

நான்காம் பாடம்: செல்லும் கோடு

வளைவு எவ்வளவு விரிவாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக அதில் செல்லலாம். சாதாரண டயரின் பிடிப்பு காரின் எடைக்குச் சமம் என்று கொண்டால், 25 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு சுமார் 56 கி.மீ. வேகத்தில் போகலாம். 50 மீட்டர் ஆரமானால் 80 கி.மீ.; 100 மீட்டரானால் 113 கி.மீ. ஆரம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்காகிறது.

ஆகையால் தடத்தின் அகலம் முழுவதையும் பயன்படுத்தி வளைவை விரிக்கிறார்கள். வலப்பக்க வளைவானால், இடது ஓரத்திலிருந்து நுழைந்து, நடுவில் வலது ஓரத்தைத் தொட்டு, மறுபடி இடது ஓரத்துக்கு விரிந்து வெளியேற வேண்டும். உள்ளோரத்தைத் தொடும் அந்த இடத்தை ஏபெக்ஸ் என்பார்கள்.

புதியவர் அவசரப்பட்டு முன்கூட்டியே திருப்பிவிடுவார். நுழையும்போது சுகமாக இருக்கும். வெளியேறும்போது தடம் தீர்ந்துபோய்ப் புல்லில் இறங்க நேரும். கொஞ்சம் பொறுத்துத் திருப்பி, வளைவின் பாதியைத் தாண்டிய இடத்தில் உள்ளோரத்தைத் தொட்டால், அதன்பின் பாதை நேராகிவிடும். ஆக்ஸிலரேட்டரைச் சீக்கிரமாக அழுத்தலாம்.

அது ஏன் முக்கியம்? வளைவிலிருந்து எடுத்துச் செல்லும் வேகம் அடுத்த நேர்பாதை முழுவதும் நம்மோடு வருகிறது. மணிக்கு 3 கி.மீ. வேகம் கூடுதலாக இருந்து, அது 10 வினாடி நீடித்தால் 8 மீட்டர் முன்னே இருப்போம். அது இரண்டு கார்களின் நீளம். நுழையும்போது நிதானம், வெளியேறும்போது வேகம் என்று பந்தய ஆசிரியர்கள் சொல்வதன் கணக்கு இதுவே. ஆக்கப் பொறுத்தவன் ஆறவும் பொறுக்க வேண்டும்.

கண் செல்லும் இடத்துக்கே கை செல்லும். காரின் முன்மூக்கைப் பார்த்து ஓட்டக்கூடாது. பிரேக் போடும்போது கண் ஏபெக்ஸில் இருக்க வேண்டும். ஏபெக்ஸை நெருங்கும்போது வெளியேறும் இடத்தில் இருக்க வேண்டும். சுவரில் மோதிவிடுவோமோ என்று சுவரையே பார்ப்பவர் சுவரில்தான் மோதுவார்.

ஐந்தாம் பாடம்: பிரேக் போடும் கலை

நிற்கத் தேவையான தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மேற்சொன்ன பிடிப்பில் மணிக்கு 50 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கச் சுமார் 10 மீட்டர் போதும், 100 கி.மீ. வேகத்தில் 40 மீட்டர் ஆகும். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு.

பந்தயத் தடத்தில் பிரேக் போடுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பேருந்து ஓட்டுநர் போல மெல்லத் தொடங்கி முடிவில் அழுத்துவது இங்கே தவறு. நேராகச் செல்லும்போதே, சக்கரம் இறுகும் எல்லைக்குச் சற்றுக் கீழே வரை உறுதியாக அழுத்தி, வேகம் குறையக் குறைய அழுத்தத்தைத் தளர்த்திக்கொண்டு வர வேண்டும். ஸ்டீயரிங் திரும்பத் திரும்பப் பாதம் உயர வேண்டும். கடைசிச் சிறு அழுத்தத்தை வளைவுக்குள்ளும் கொண்டுசெல்லலாம். அது முன்சக்கரத்துக்கு எடை கொடுத்துத் திரும்ப உதவும். டயரின் வரவு செலவில் பிரேக்குக்குக் கொடுத்ததை மிச்சம் பிடித்துத் திருப்பத்துக்குக் கொடுப்பதே இது.

எங்கே பிரேக் போடுவது என்பதற்கு அடையாளம் வேண்டும். தூரப் பலகை, தடத்தின் ஒட்டு, வேலிக் கம்பம் எதுவாகவும் இருக்கலாம்; நகரும் நிழலையோ மற்றொரு காரையோ அடையாளமாகக் கொள்ளக்கூடாது. முதலில் மிக முன்னதாகவே பிரேக் போட்டு, எளிதாக முடிந்தால் சில சுற்றுகளுக்கு ஒருமுறை இரண்டு மூன்று மீட்டர் தள்ளிப் போகலாம்.

பிராண்ட்ஸ் ஹாட்சில் இதைப் பொருத்திப் பார்ப்போம். முதல் வளைவான பாடக் ஹில் வலப்பக்கம் திரும்பிக்கொண்டே பள்ளத்தில் இறங்குவது. திரும்பத் தொடங்கும்போது அதன் முடிவு கண்ணுக்குத் தெரியாது. பயந்து பாதியில் பிரேக் போட்டால் கார் சுழலும். அடுத்து மேட்டின்மேல் டுரூயிட்ஸ் என்னும் கொண்டையூசி வளைவு. ஏற்றமாதலால் கார் எளிதில் வேகம் குறையும். பிரேக்கைத் தாமதித்துப் போடலாம், ஆனால் பொறுமையாகத் திருப்ப வேண்டும். அங்கிருந்து இறக்கத்தில் இடப்பக்கம் திரும்புவது கிரஹாம் ஹில் வளைவு. இறக்கத்தில் பின்சக்கரங்கள் இலேசாகிவிடுவதால் முரட்டுத்தனம் கூடாது. பின்னர் குட்டையான நேர்பாதை. கடைசியில் இடப்பக்கம் சர்டீஸ், உடனே வலப்பக்கம் கிளார்க் வளைவு. இவ்விரண்டில் கிளார்க்தான் பிரதான நேர்பாதைக்கு அழைத்துச் செல்வது. ஆகவே சர்டீஸில் சற்று வேகத்தை விட்டுக்கொடுத்து, கிளார்க்குக்கு நல்ல இடத்தில் போய்ச் சேர வேண்டும்.

ஆறாம் பாடம்: வழுக்கும்போது

கார் இருவகையாக வழுக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பியும் முன்பக்கம் திரும்பாமல் வெளியே போவது ஒன்று. மேலும் மேலும் திருப்புவது பயனற்றது. ஸ்டீயரிங்கைச் சற்று நேராக்கி, ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி, முன்சக்கரம் மீண்டும் பிடிக்கக் காத்திருக்க வேண்டும்.

பின்பக்கம் வெளியே வீசுவது மற்றொன்று. வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஸ்டீயரிங்கை விரைவாகத் திருப்ப வேண்டும். பிடிப்பு வந்தவுடன் அதே விரைவில் நேராக்க வேண்டும். மறந்தால் கார் எதிர்ப்பக்கம் வீசும். பதறி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தாலும் எடை முன்னே பாய்ந்து சுழற்சி கூடும். பதறாத காரியம் சிதறாது.

உண்மைக் காரில் வழுக்கலை நம் இடுப்பும் முதுகும் முதலில் உணரும். சிமுலேட்டரில் உடலுக்கு அந்தச் செய்தி வராது. டயரின் கீச்சொலியையும், ஸ்டீயரிங்கின் எதிர்விசை திடீரென்று இலேசாவதையும், அடிவானம் நகர்வதையும் கொண்டு கண்டுகொள்ள வேண்டும். இதற்குப் பழக்கம்தான் வழி. வேண்டுமென்றே சுழலவிட்டுப் பழகுங்கள். அதைச் செலவில்லாமல் செய்ய முடிவதே இக்கருவியின் பெருமை.

ஏழாம் பாடம்: பழகும் முறை

நாளுக்கு 30 நிமிடம் போதும். ஒவ்வொரு நாளும் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு இவ்வாறு வகுத்துக்கொள்ளலாம்.

முதல் வாரம்: தடத்தை விட்டு வெளியேறாமல் தொடர்ந்து 10 சுற்று. வேகம் பற்றிய எண்ணமே வேண்டாம்.

இரண்டாம் வாரம்: வழிகாட்டும் கோட்டை அணைத்தல், ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக் அடையாளத்தைத் தாளில் எழுதி வைத்தல், கியரைத் தாமே மாற்றுதல்.

மூன்றாம் வாரம்: 10 சுற்றுகளின் நேரமும் ஒரு வினாடி வித்தியாசத்துக்குள் அமைதல்.

நான்காம் வாரம்: நம்முடைய சிறந்த சுற்றையே நிழல் காராக ஓடவிட்டு, எந்த வளைவில் பின்தங்குகிறோம் என்று பார்த்தல், அந்த ஒன்றை மட்டும் திருத்துதல்.

என் முதல் நாள் நேரம் ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 14 வினாடி. மாத முடிவில் 1 நிமிடம் 4 வினாடி. பத்து வினாடியில் பெரும்பங்கு, வேகமாக ஓட்ட முயன்றதால் வரவில்லை. தவறுகளை விட்டதால் வந்தது. மெதுவாக ஓட்டியதாகத் தோன்றிய சுற்றுகளே வேகமான சுற்றுகளாக இருந்தன.

எட்டாம் பாடம்: பிறரோடு ஓடும் ஒழுங்கு

இணையவழியில் பிறரோடு பந்தயம் ஓடும்போது எதிரே இருப்பது கணிப்பொறியன்று, நம்மைப் போல ஒரு மனிதர் என்பதை மறக்கலாகாது. ஐரேசிங்கில் இதற்கென்றே உரிமப் படிகள் உண்டு. தடத்தை விட்டு இறங்கினால் 1 புள்ளி, கட்டுப்பாடு இழந்து சுழன்றால் 2, மற்றொரு காரைப் பலமாக மோதினால் 4 என்று குற்றப்புள்ளி ஏறும். தவறு யாருடையது என்று அது ஆராய்வதில்லை. இருவர் கணக்கிலும் ஏற்றிவிடும். முதலில் இது அநியாயமாகப் பட்டது. பிறகு, பிறர் தவறையும் எதிர்பார்த்து ஓட்டவே இப்படி வைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. நம் தில்லிச் சாலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் ஏது?

முதல் பந்தயத்தில் கடைசி இடத்திலிருந்து புறப்படுங்கள். முதல் வளைவில் எல்லோரும் முந்துவார்கள். வழிவிட்டு, எஞ்சியவர்களோடு ஓடுங்கள். தடத்தை விட்டு விலகினால், பின்னே யாரும் வரவில்லை என்று உறுதி செய்தபின்பே திரும்ப ஏறுங்கள். ஒரு சுற்று முன்னே இருப்பவர் வந்தால் உங்கள் பாதையை மாற்றாமல் நேராக ஓட்டுங்கள். அவரே தாண்டிச் செல்வார். முதல் பந்தயத்தை மோதாமல் முடிப்பதே வெற்றி.

பெற்றோருக்கு ஒரு சொல்

சிமுலேட்டர் ஓட்டுநர் உரிமத்துக்கு மாற்றன்று. அதில் பயம் இல்லை, வலி இல்லை, குறுக்கே ஓடும் குழந்தை இல்லை. தடத்தில் கற்ற வேகத்தைச் சாலையில் காட்ட நினைக்கும் பிள்ளைக்குச் சாவியைத் தராதீர்கள். ஆனால் கார் ஏன் வழுக்குகிறது, நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்பதைக் கையால் அறிந்த பிள்ளை, அதை அறியாத பிள்ளையைவிட நிதானமாக ஓட்டும் என்பது என் நம்பிக்கை.

கற்றதைச் சோதிக்கச் சில வினாக்கள்

1. பிரேக்கை முழுதும் மிதித்தபடி திருப்பினால் ஏ.பி.எஸ். இல்லாத கார் ஏன் திரும்புவதில்லை?
2. வேகம் மும்மடங்கானால் நிற்கும் தூரம் எத்தனை மடங்காகும்?
3. அடுத்தடுத்த இரு வளைவுகளில் எதற்கு முதலிடம் தருவது?
4. காரின் வால் வலப்பக்கம் வீசினால் ஸ்டீயரிங்கை எப்பக்கம் திருப்புவது?

விடைகள்: 1. முன்சக்கரம் இறுகி, திருப்பத்துக்குப் பிடிப்பு மிஞ்சாததால். 2. ஒன்பது மடங்கு. 3. நீண்ட நேர்பாதைக்கு இட்டுச் செல்வதற்கு. 4. வலப்பக்கம்.

முடிவாக ஒன்று. சிமுலேட்டரில் ஆறு மாதம் பழகியபின், ஓர் ஓட்டுநர் பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு நாள் விடியற்காலையில் ஓட்டிப் பார்த்தேன். உள்ளங்கை வியர்க்கவில்லை. அதன்பின் ஒரு மழைநாளில் அதே மேம்பாலத்தில், என் மனைவியை அருகில் அமர்த்திக்கொண்டு இறங்கினேன். முன்னே ஓர் ஆட்டோ. பிரேக்கின் நுட்பம் எதையும் காட்ட வேண்டிய அவசியம் நேரவில்லை. ஏனென்றால் அன்று நான் முப்பது கி.மீ. வேகத்தில், நான்கு கார் நீளம் இடைவெளி விட்டு வந்துகொண்டிருந்தேன். 2022-இல் நான் செய்த முதல் தவறு பிரேக்கை மிதித்த விதமன்று. மழையில் அவ்வளவு நெருங்கிச் சென்றதுதான். அதை உணர்த்தியதும் அந்தச் சிமுலேட்டரே.

"இவ்வளவு மெதுவாகவா பந்தயம் ஓட்டுகிறீர்கள்?" என்றாள் மனைவி. பந்தயம் வேறு, பாதை வேறு என்றேன்.